பின்னால் உருளும் வண்டி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு எஸ்யூவியின் உட்பக்கத்தை டேப் வைத்து அளந்தது.

அக்டோபர் முடிகிற நேரம். வியாழக்கிழமை. ஆற்றோரத்துப் பாப்லர் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. முற்றம் முழுக்க மஞ்சள். எஸ்யூவி வெள்ளை நிறம், வேறு யாரோ மூன்று வருடம் ஓட்டியது. பக்கத்து டவுனான எஸ்பன்யோலாவில் கார் விற்பவர், சனிக்கிழமை வரை வைத்து ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பிக்கப், வழக்கம்போலச் சரிவைப் பார்த்து நின்றது. ஒரு காலத்தில் அது நீலம். வெயிலும் பனியும் தின்று, விடியற்காலை வானத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.

பின்கதவின் ஓரத்தில் டேப்பின் முனையை அப்பா பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு நான் முன்னால் போனேன். பின் சீட்டுகளை மடக்கியிருந்தோம். முன் சீட்டில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

"வேவா, சீட்டைக் கொஞ்சம் முன்னால நகர்த்து," என்றார் அப்பா அவளிடம்.

"மாட்டேன். இப்பத்தான் சூடு இடுப்புக்கு வந்திருக்கு."

"எவ்வளவு பாப்பா?"

"ஆறடிக்கு மேல கொஞ்சம் இருக்குப்பா. பத்தாது."

"நகர்ந்தா பத்தும்," என்றார் அப்பா.

"நகர மாட்டேன்னு சொல்லிட்டேன். உயிரோட இருக்கிறவ நான். எனக்கு ஹீட்டர் வேணும். செத்தவனுக்குக் குளிருமா, கிழவா?"

"செத்தவனுக்கு நீளம் வேணும்."

"காலை மடக்கிப் படுக்கட்டும். நான் எத்தன வருஷம் உன் வண்டியில காலை மடக்கி உட்கார்ந்திருக்கேன்."

நான் இடையில் புகுந்தேன். "ஒண்ணு பண்ணுங்கப்பா. பிக்கப்போட பின்தொட்டிய மட்டும் வெட்டி எடுத்து, இதுக்குப் பின்னால மாட்டிருங்க. அம்மாவுக்கு ஹீட்டர். செத்தவங்களுக்குத் தொட்டி."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. டேப்பின் முனையை விட்டுவிட்டார். அது இலைகளை உரசிக்கொண்டு என் கைக்குள் ஓடி வந்தது. எஸ்யூவிக்குப் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழுந்து பிக்கப்பைப் பார்த்தார். "ம்" என்றார்.

அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் பீன்ஸ் சாப்பிட்டோம்.

அப்பாவின் பெயர் எலிசியோ மாயெஸ்தாஸ். ஓய்வு பெறும்வரை நெடுஞ்சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டினார். குளிர்காலத்தில் ஊர் கண் விழிக்கும்போது சாலை திறந்திருக்கும். அவர் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பார். பேச்சு குறைவு. வண்டிக்குள் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார், அதுவும் கண்ணாடியைப் பார்த்துத்தான். சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையோடுதான் அவர் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிக்கப் வாங்கியபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பெண் கேட்டு அதில்தான் போனார். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்குட்டிகள், ஆப்பிள், விறகு, ஊர்க்கோயிலின் புனித இசிதோர் சிலை, ஒரு பியானோ, யார் யாருடைய குளிர்சாதனப் பெட்டிகளோ, எல்லாம் அந்தத் தொட்டியில் ஏறி இறங்கியிருக்கின்றன. எங்கள் ஒஹித்தோ ஊரில் ஒரு பொருள் இடம் மாறுகிறது என்றால் அது அப்பாவின் வண்டியில் மாறும். மனிதர்களும் அப்படித்தான்.

முதலில் அவர் ஏற்றியது தன் அண்ணனை. ரூபெல் பெரியப்பா இறந்தது மார்ச் மாதம். பனி உருகி மண் சாலை களியாகக் கிடந்தது. டவுனிலிருந்து வந்த நீளக் கறுப்புக் கார் தார் முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் வராது என்றாராம். அப்பா பிக்கப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்து அந்தக் காரின் வாலோடு வாலை ஒட்டி நிறுத்தினார். சவப்பெட்டி காரிலிருந்து பிக்கப்புக்கு மாறியது.

அதற்கு முன்னால் எங்கள் ஊரில் சவப்பெட்டியைத் தோளில்தான் தூக்குவார்கள். கல்லறைத் தோட்டம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. தூக்குகிறவர்கள் மூச்சு வாங்க இரண்டு இடங்களில் பெட்டியை இறக்கி வைப்பார்கள். இறக்கி வைத்த இடத்தில் ஒரு மரச் சிலுவை. அங்கே நின்று ஒரு ஜெபம். வண்டி வந்த பிறகு மூச்சு வாங்க யாருமில்லை. ஆனால் சிலுவை அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டி நேராகப் போக முடியுமா? அப்பா நிறுத்தினார். எஞ்சின் இரைச்சலில் ஜெபம் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அணைத்தார்.

அங்கேதான் வண்டியின் குணம் வெளிப்பட்டது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறும்வரை காத்திருக்கலாம், அல்லது உருட்டிக் கிளப்பலாம். மேடேறும் சாலையில் முன்னால் உருள முடியாது. அப்பா கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கை விட்டார். வண்டி ஊர்ப் பக்கமாகப் பின்னால் உருண்டது. பின்னால் வந்தவர்கள் விலகினார்கள். கொஞ்ச தூரம் போனதும் கிளட்சை விட்டார். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. பிறகு மேலே போனார்கள்.

"பாருங்க, ரூபெல் திரும்பிப் பார்க்கிறான்," என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். சொன்னது என் அத்தை என்கிறார்கள் சிலர். அத்தை, நான் இல்லை என்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லோரும் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள். தெரிந்தும், வண்டி பின்னால் உருளும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். மலையடிவாரத்து வெளிச்சத்தில் அந்தப் பெட்டி மெதுவாக ஊரை நோக்கி வரும்போது, ஏதோ மறந்ததை எடுக்க வருவது போலவே இருக்கும். சாவி, கண்ணாடி, அடுப்பில் வைத்த பாத்திரம்.

பாலங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரை அளப்பது என் வேலை. ஆல்புகெர்க்கியில் இருக்கிறேன். ஒருமுறை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வெப்பம் படாமல் மறைக்கும் தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அரை நாள் வேலை. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு பாப்பா."

"மாட்டட்டுமா?"

"இருக்கட்டும். அவங்களுக்கும் ஒரு தடவை பார்த்துக்கணும் போல இருக்கும்ல."

தகடு இப்போதும் கொட்டகையில் இருக்கிறது.

அம்மாவின் இடுப்பு எலும்பை இந்த வருடம் வசந்தத்தில் மாற்றினார்கள். அதன் பிறகு பிக்கப் அவளுக்கு உயரமாகிவிட்டது. அப்பா, படியாக வைக்க, ஆப்பிள் அடுக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டியை நிறுத்துவார். இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவார். பெட்டியைக் கதவுக்குக் கீழே கவிழ்த்து வைப்பார். கையை நீட்டுவார். அம்மா ஒரு கையை அவர் கையிலும் ஒரு கையைக் கதவிலும் வைத்து ஏறுவாள். அப்பா பெட்டியை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி சுற்றி வந்து ஏறுவார். இறங்கும்போது இதெல்லாம் திரும்ப நடக்கும். தபால் நிலையத்தில், மருந்துக்கடையில், கோயிலில். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் மிக மெதுவாக நடனம் ஆடுவது போலத் தெரியும்.

"ராணி இறங்குறாங்க, வழி விடுங்க," என்பார்கள் கடை வாசலில் நிற்பவர்கள்.

"ராணிக்கு ராஜா வாங்கிக் கொடுத்த சிம்மாசனத்தப் பாத்தீங்களா? ஆணி குத்துது," என்பாள் அம்மா.

ஆனால் குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. வாராவாரம் சாந்தா ஃபே வரை உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போக வேண்டும். பிக்கப்பின் ஹீட்டர் எப்போதோ செத்துவிட்டது. பனியில் ஆப்பிள் பெட்டி வழுக்கும். ஒருமுறை விழுந்தால் அம்மா மறுபடி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள முடியாது. இன்ஷூரன்ஸ், டயர், எல்லாம் ஓய்வூதியத்தில். பிக்கப்பை விற்றால்தான் எஸ்யூவி. விற்றுவிட்டால், அடுத்துச் சாகிறவரைத் தார் முடிகிற இடத்திலிருந்து யார் மேலே கொண்டுபோவார்கள்? மற்றவர்களின் பிக்கப்கள் எல்லாம் புதியவை. இப்போது வருகிற பிக்கப்களில் ஆட்கள் உட்கார நான்கு கதவு, பின்னால் தொட்டி ஒரு சாண். பெட்டி வைத்தால் பாதி வெளியே நிற்கும்.

அப்பா இதைத்தான் மாதக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டால் "பார்க்கலாம்". நான் போனில் கேட்டால் "பார்க்கலாம் பாப்பா". கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தேன். நான்தான் எஸ்யூவியைப் பார்த்து வைத்தேன். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாக அவர் ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா பிக்கப்பை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். எங்கே என்று கேட்கவில்லை. அவர் அப்படிப் போவது வழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் எஸ்யூவியில் தபால் நிலையத்துக்குப் போனோம். அப்பா ஓட்டினார். எஞ்சின் சத்தமே இல்லை. சாலை எங்களுக்குக் கீழே தானாக நகர்வது போல இருந்தது. அம்மா சீட்டு ஹீட்டரைக் கூட்டினாள், குறைத்தாள், திரும்பக் கூட்டினாள்.

"பிடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

"ம்."

ஆற்றுப் பாலம் தாண்டியதும், "நிஜமாவே பிடிச்சிருக்கா?"

"கிழவா, ரோட்டப் பாரு."

தபால் நிலைய வாசலில் ஒனேசிமோ பெரியப்பா வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஊரிலேயே மூத்தவர். இளமையில் ஆடு மேய்க்க வயோமிங் வரை போனவர். இப்போது தடியை ஊன்றி இந்த பெஞ்சு வரை வருகிறார். அம்மா ஆப்பிள் பெட்டி இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"எலிசியோ. நீலத்த வித்துட்டியா?"

"இல்ல ஐயா."

"விக்கிறதா இருந்தா என்னைக் கொண்டுபோயிட்டு வித்துக்கோ. ரொம்பக் காக்க வைக்க மாட்டேன்."

"இதையேதான் பத்து வருஷமாச் சொல்றீங்க."

"நீ ஓட்டுறதப் பாத்தா பயமா இருக்கு. அதான் தள்ளிப்போடுறேன்." வெள்ளை வண்டியைத் தடியால் தட்டினார். "இதுல படுத்தா ஜன்னல் வழியா எல்லாரும் பாப்பாங்க. வெக்கமா இருக்கும்."

அப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரிப்பது அரிது. "உங்களுக்கு ஒரு வழி பண்ணியாச்சு ஐயா. நிம்மதியா இருங்க," என்றார்.

என்ன வழி என்று பெரியப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் அப்பா பிக்கப்பில் போய் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் உள்ளூர் வானொலி அந்த வண்டியின் ரேடியோவில் மட்டும்தான் ஒழுங்காகக் கேட்கும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். பெயர், ஊர், ஜெபமாலை எங்கே, பூசை எப்போது, அடக்கம் எங்கே. வண்டியை எங்கும் ஓட்டாமல், ஜன்னலை இறக்கிவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கேட்பார். தன் ஊர்ப் பெயர் வருகிறதா என்று பார்ப்பதற்காக இருக்கலாம். இல்லை, சும்மா பெயர்களைக் கேட்பது பிடிக்கும் போலிருக்கிறது.

நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவர் பின்தலை தெரிந்தது. ரேடியோவில் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. மஞ்சள் இலைகள் வண்டியின் கண்ணாடியில் விழுந்து, நின்று, வழுக்கிப் போயின. அறிவிப்பு முடிந்து பாட்டு வந்தது. பாட்டு வந்தால் அப்பா ரேடியோவை அணைத்துவிடுவார். அணைக்கவில்லை. இரண்டாவது பாட்டும் வந்தது.

"தூங்கிட்டார் போல," என்றாள் அம்மா.

நான் துண்டைக் கீழே வைத்தேன்.

இதயம். டாக்டர் சொன்ன காரணத்தை நான் புரிந்துகொண்டேன். எந்தக் குழாய், எந்த இடம், எப்படி. புரிந்துகொள்வதால் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அதே நேரத்தில் அதே வானொலியில் அப்பாவின் பெயரை வாசித்தார்களாம். கேட்டவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் வண்டிக்குள் போகவில்லை.

டவுனிலிருந்து நீளக் காரில் அவரைக் கொண்டுவந்தார்கள். தார் முடிகிற இடத்தில் நான் பிக்கப்பைப் பின்னால் எடுத்து வாலோடு வாலை ஒட்டினேன். அது அப்பா செய்கிற வேலை. டெல்ஃபினோ மாமா கையசைத்து வழி காட்டினார். அவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை. அப்பாவோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகாமல் மீன் பிடித்தவர்.

"வா, வா, இன்னும் வா. போதும் அம்மாடி."

பெட்டி மாறியது. அம்மா எஸ்யூவிக்குள் சூடாக உட்கார்ந்திருந்தாள். அத்தை மகன் அதை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. கார் விற்பவர், விஷயம் தெரிந்து, வேண்டும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் பிக்கப்பில் ஏறப் போனேன். எஸ்யூவியின் கதவு திறந்தது.

"நெல்டா. அந்த ஆப்பிள் பெட்டி எங்க?"

"அம்மா, குளிரா இருக்கு. அதுல ஹீட்டர் இல்ல."

"எனக்குத் தெரியாதா இல்லன்னு? பெட்டிய எடு."

தொட்டியில், அப்பாவின் கால்மாட்டில் இருந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கையை நீட்டினேன். என் கையை எங்கே பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் உயரத்துக்குப் பழகிய கை. கொஞ்சம் தேடிவிட்டு முழங்கையைப் பிடித்து ஏறினாள். பெட்டியைத் திரும்ப அப்பாவின் கால்மாட்டில் போட்டுவிட்டுச் சுற்றி வந்து ஏறினேன்.

கிளம்பினோம். ஊர் நடந்து வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டெல்ஃபினோ மாமா தொட்டியின் ஓரத்தில் கை வைத்தபடி நடந்தார், குதிரையை நடத்திக் கூட்டிப் போவது போல. ஒனேசிமோ பெரியப்பா மட்டும் எஸ்யூவியில். பாப்லர்களில் இலை தீர்ந்துவிட்டிருந்தது. எல்லாம் தரையில். சக்கரங்களுக்குக் கீழே சத்தம் வரவில்லை. தண்ணீருக்கு மேலே போவது போல இருந்தது.

முதல் சிலுவை. நிறுத்தினேன். அணைத்தேன். ஜெபம் சொன்னார்கள். அம்மா உதட்டை மட்டும் அசைத்தாள். முடிந்ததும் சாவியைத் திருப்பினேன்.

டக்.

பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். "எலிசியோவுக்குப் போக மனசில்ல." இன்னொரு குரல், "அவன் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்." அம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்தாள்.

கிளட்சை மிதித்தேன். ரிவர்ஸ் கியர். பிரேக்கை விட்டேன்.

வண்டி உருளத் தொடங்கியது. மக்கள் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள், எஸ்யூவியும் ஓரமாக ஒதுங்கியது. தொப்பிகள் கழன்றன. எஞ்சின் பிடிப்பதற்கு எவ்வளவு வேகம் போதும் என்று எனக்குத் தெரியும். அந்த வேகம் வந்தது. நான் காலை எடுக்கவில்லை. வண்டி உருண்டது. வேலி மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் போயின. கண்ணாடியில் ஊர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோயில், தபால் நிலையம், எங்கள் வீட்டுக் கூரை, அதற்கு மேலே புகை. அடுப்பை யாரோ எரியவிட்டிருந்தார்கள். உள்ளே அவர் உட்கார்ந்திருக்கலாம். பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். இப்படியே முற்றம் வரை உருண்டு போய்விடலாம் என்று தோன்றியது. சாலை இடம் கொடுக்கும். சரிவு போதும். கணக்கு சரியாக வரும்.

எல்லோரும் வழியை விட்டு நின்றார்கள்.

அம்மா என் முழங்காலில் கை வைத்தாள்.

"போதும் நெல்டா. விடு."

கிளட்சை விட்டேன். வண்டி ஒருமுறை குலுங்கியது. எஞ்சின் இருமி, பிடித்தது.

மேலே போனோம். இரண்டாவது சிலுவையில் சரியான தூரத்தில் விட்டேன்.

அடக்கம் முடிந்து ஊர் மண்டபத்தில் சாப்பாடு. பீன்ஸ், சிவப்பு மிளகாய்க் குழம்பு, யாரோ சுட்ட ரொட்டி. அம்மாவுக்குத் தட்டு கொண்டுபோனபோது டெல்ஃபினோ மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வண்டிய என்ன பண்ணலாம்னு இருக்கீங்க அண்ணி?"

"எந்த வண்டி?"

"நீலம். நான் நேரத்த ஒதுக்கி வெச்சிருந்தேன். அதான் கேக்குறேன்."

"எதுக்கு நேரம்?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேனே. வியாழக்கெழம சாயங்காலம் வந்தார். திங்கக்கெழம வண்டியக் கொண்டாரேன், கேபினுக்குப் பின்னால வெட்டி, தொட்டிய டிரெய்லர் ஆக்கிக் குடுன்னார். வெள்ளை வண்டியில மாட்ட என் பட்டறையில ஒரு கொக்கியும் பொறுக்கி எடுத்து வெச்சுட்டுப் போனார்."

எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அப்படி ஒரு டிரெய்லர் நிற்கிறது. பழைய பிக்கப்பின் பின்பாதி. விறகுக்கு, வைக்கோலுக்கு. பெட்டிக்கும் ஆகும். நீளம் மாறாது.

"அப்ப பின்னால உருள்றது எப்படி மச்சான்னு கேட்டேன்," என்றார் டெல்ஃபினோ மாமா. "புது வண்டி சாவி போட்டதும் கெளம்பிரும். டிரெய்லரோட பின்னால உருண்டா மடங்கிக்கும். ஊர்ல ஏதாவது சொல்லுவாங்களேன்னேன். கொக்கியத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், 'செத்தவங்க நெறையப் பார்த்தாச்சு மச்சான், வேவா இன்னும் ஏறி எறங்கணும்'னார்."

அம்மா என் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல யோசனைதான், யாரோடதுன்னு கேட்டேன். 'என் பொண்ணோடது. அவ இஞ்சினியர்'னார்."

நான் அந்தத் தட்டை மேசையில் வைத்தேன். மண்டபத்துக்கு வெளியே போய்ச் சரிவைப் பார்த்து நின்றிருந்த பிக்கப்பின் தொட்டி ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. வெயிலாக இருக்கும்.

எஸ்யூவியை வாங்கிவிட்டோம். அம்மா அதில் தனியாக ஏறுகிறாள், தனியாக இறங்குகிறாள். சாந்தா ஃபேக்கு அத்தை மகன் ஓட்டுகிறான். நான் வரும் வாரங்களில் நான். இறங்கியதும் அவள் கதவைச் சாத்தாமல் ஒரு கணம் நிற்கிறாள். எதற்கு நிற்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. தபால் நிலைய பெஞ்சு காலியாக இருந்ததால், கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒனேசிமோ பெரியப்பாவின் வீட்டுக்கே போனேன். அடுப்பருகே போர்வைக்குள் இருந்தார்.

"தொட்டிய வெட்டியாச்சா?"

"இன்னும் இல்ல பெரியப்பா."

"உங்கப்பன் எனக்கு வழி பண்ணியாச்சுன்னான்."

"பண்ணத்தான் இருந்தார்."

"சரி, நிதானமா வெட்டு. எனக்கு அவசரமில்ல. வசந்தம் வரைக்கும் இருப்பேன்." கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தபோது, "உன்னால உங்கப்பன் ரொம்ப தூரம் திரும்பி வந்தான்," என்றார். "நான் வெள்ளை வண்டிக்குள்ள இருந்து பார்த்தேன். வீடு வரைக்கும் வந்துருவான்னு நெனச்சேன்."

பிக்கப் முற்றத்தில் நிற்கிறது. தொட்டியில் பனி நிறைந்து, விளிம்போடு விளிம்பாக வெள்ளையாக இருக்கிறது. அதற்குள் எங்கேயோ ஆப்பிள் பெட்டி. டெல்ஃபினோ மாமா வாரம் ஒருமுறை போன் செய்து அம்மாவை விசாரிக்கிறார். வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. கொக்கி பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதன் மேல் அப்பாவின் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். போனபோது பார்த்தேன்.

பட்டறைக்கு இங்கிருந்து ஆறு வரை இறக்கம்தான். எஞ்சின் கிளம்பாவிட்டாலும் முன்னால் உருண்டே போய்விடலாம். திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும்.